ஒரு தோள் அகலம்

நாரின் ஆற்றுப் பாலம் தாண்டினால்
செருப்புத் தைப்பவருக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவில்
என் ஸ்டூடியோ.
குளிர் மைனஸ் முப்பதுக்கு இறங்கினால்
பேட்டரியை அக்குளில் வைத்துக் காப்பேன்,
முட்டைக்குச் சூடு கொடுக்கிறவளைப் போல.

இந்த ஊரில் குழந்தை முதலடி வைத்ததும்
கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளிக் கயிற்றால்
கணுக்கால் இரண்டையும் கட்டுவார்கள்.
தெருப் பிள்ளைகள் ஓடி வருவார்கள்.
முந்தி வந்த பிள்ளையின் கையில் கத்தி.
கயிறு அறுந்த பிறகே நடை.
அந்த ஒரு நொடிக்குத்தான் எனக்குக் கூலி.
அதைத்தான் அடிக்கடி தவறவிடுவேன்.

அய்தையின் கயிறு அறுந்தபோது தவறவிடவில்லை.
அவளுக்குப் பின்னால் அப்பா எசென்,
இரவல் தோல் ஜாக்கெட், பாதி மூடிய கண்,
இடது கன்னத்தில் அக்டோபர் வெயில்.
அடுத்த வாரம் யெகாதெரின்புர்க் போனான்,
சாரம் கட்ட, சிமெண்ட் குழைக்க.
சைராகுல் வயிற்றில் குபான் அப்போது நான்கு மாதம்.

குபானின் கயிறு அறுந்த நாளில்
அவள் என் காதருகே வந்து சொன்னாள்:
"வலப்பக்கம் கொஞ்சம் இடம் விடு.
ஒரு தோள் அகலம் போதும்.
அவரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்."

வைத்தேன்.
பழைய படத்திலிருந்து கத்தரித்து,
ஓரம் மழுக்கி, ஜாக்கெட்டோடு.
ஜூன் மாதத்தில் அவனுக்கு மட்டும் அக்டோபர்.
எல்லார் நிழலும் ஒரு பக்கம் சாய
அவன் நிழல் எதிர்ப்பக்கம்.
சுட்டிக் காட்டினேன்.
"அங்கே வெயில் அப்படித்தான் விழுமாம்" என்றாள்.

அப்புறம் நூருஸ் பண்டிகைகள்,
கொழுந்தன் கல்யாணம், புதுத் தகரக் கூரை,
குபான் பள்ளிக்கூடம் போன முதல் நாள்.
வருஷா வருஷம் அடுத்த வருஷம் வருவதாக இருந்தான்.
வந்ததெல்லாம் பணம்.
கூரை அந்தப் பணம்தான்.
சைராகுலின் நெற்றியோரம் வெளுத்தது.
அவனுக்கு மட்டும் இருபத்தேழு முடியவேயில்லை.
கடைசியில், மகளைவிடப் பத்தே வயது மூத்த
அப்பாவை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

போன மே மாதம்
அய்தையின் பள்ளியில் கடைசி மணி.
அவள் தலையில் தட்டளவு வெள்ளை ரிப்பன்.
பழக்க தோஷம், குடும்பமே
வலப்பக்கம் இடம் விட்டு நின்றது.
அந்த இடத்துக்குள் ஒருவர் வந்து நின்றார்.
வழுக்கை. இரண்டு தங்கப் பல். ஒரு விரல் பாதி.
"ஐயா, இது குடும்பப் படம்,
கொஞ்சம் தள்ளி..." என்று வாயெடுத்துவிட்டேன்.
அய்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஒரு தோள் அகலம் போதவில்லை.
குபான் நகர, சைராகுல் நகர,
யாரோ யார் காலையோ மிதிக்க,
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பைக்குள் விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார்.
எட்டு முறை அழுத்தினேன்.
ஏழில் யாராவது கண் மூடியிருந்தார்கள்.
எட்டாவதில் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள்.
அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஆல்பத்தோடு வந்தார்.
பக்கம் பக்கமாக அந்தப் பையனைப் பார்த்தார்.
"ஜாக்கெட் என் மச்சானுடையது" என்றார்.
"திருப்பிக் கொடுத்தேனா, ஞாபகமில்லை."
பிறகு,
"இவனை ஒட்டுவதற்கு முந்தைய படங்கள் இருக்கிறதா?"

இருந்தன. பதினொன்று.
திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
போர்சோக் குவித்த மேசைக்குப் பக்கத்தில்,
கூரைக்குக் கீழே,
கல்யாணத்தில் இரண்டு கோட்டுகளுக்கு நடுவில்
அவர் இல்லாத இடத்தில் இருந்தவை:
புல். சுவர். ஏணி. பெரும்பாலும் சுவர்.
ஒரு படத்தில் நாய்.
அதில்தான் வெகுநேரம் நின்றார்.

"எல்லாவற்றையும் அச்சுப் போடு."
மேட் தாளா, பளபளப்பா என்று கேட்டேன்.
வேறென்ன கேட்பது.
விலை அதிகம் என்றார், முப்பது சோம் குறைத்தேன்.
வெளியே மாவு மூட்டையோடு சைராகுல்
வண்டியில் ஏற்ற ஆள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வாசல்வரை போனவர் திரும்பி வந்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"அந்த நாய்க்கு என்ன பேர்,
உனக்குத் தெரியுமா?"